சிலந்தி கட்டிய பந்தல், யானை துடைத்த ஒட்டடை

போன மாதம் ஒரு ராத்திரி. மணி பத்து இருக்கும். ஹாலில் மாட்டியிருக்கும் தினசரி காலண்டரில் தேதி கிழிக்கப் போன என் மகள் "அப்பா!" என்று போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைக்க ஆரம்பித்துவிட்டது. காலண்டர் அட்டைக்குப் பின்னாலிருந்து உள்ளங்கை அகலத்துக்கு ஒரு எட்டுக்கால் பூச்சி வெளியே வந்து சுவரோடு ஒட்டி நின்றது. தட்டையான உடம்பு, நண்டு மாதிரி பக்கவாட்டில் விரித்த கால்கள். வயிற்றுக்கு அடியில் ஐந்து ரூபாய் காசு அளவில் வெளிறிய ஒரு வட்டை அணைத்துப் பிடித்திருந்தது.

அம்மா நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. "அது பாட்டுக்கு இருக்கட்டும் விடுடா, கரப்பானைத் திங்கும்" என்றார். மனைவி அதற்குள் விளக்குமாற்றோடு வந்துவிட்டார். மகளுக்குப் பத்து வயசு. அவள் நிபந்தனை இரண்டு: கொல்லக் கூடாது, இங்கே இருக்கவும் கூடாது. ஒரே வீட்டில் மூன்று தலைமுறை, மூன்று தீர்ப்பு. நான் மகள் பக்கம் சாய்ந்தேன். ஒரு எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்து, கல்யாணப் பத்திரிகை ஒன்றை அடியில் செருகி, மூடியபடியே கீழே எடுத்துப்போய் காம்பவுண்டு சுவர் ஓரம் விட்டேன். திரும்பி வரும்போது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. டம்ளரைக் கழுவப் போனபோதுதான் பார்த்தேன், உள்ளே ஒரு கால் கிடந்தது. விளிம்பில் மாட்டி அறுந்திருக்கிறது.

காலையில் பள்ளிக்கூட வேனுக்கு நிற்கும்போது மகள்தான் முதலில் பார்த்தாள். விட்ட இடத்திலிருந்து நாலு அடிகூடப் போகவில்லை அது. எறும்புகள் மொய்த்துக்கொண்டிருந்தன. அந்த வெள்ளை வட்டையும் ஒரு பக்கம் இழுத்துப் போய்க்கொண்டிருந்தன. "அது முட்டைப் பைதானே?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். வேன் வருகிற நேரத்தில் இன்னொரு கேள்வி கேட்டாள்: "அப்ப நீங்க அதைக் காப்பாத்தினீங்களா, கொன்னீங்களா?"

அன்றைக்குப் பதில் சொல்லவில்லை. அதற்கப்புறம் கையில் கிடைத்ததையெல்லாம் படித்துச் சேர்த்த குறிப்புகள்தான் கீழே இருப்பவை. வீட்டுக்குள் வரும் சிலந்தியை என்ன செய்வது என்பது சின்ன விஷயம் மாதிரித்தான் தெரிகிறது. ஆனால் தமிழில் இந்தப் பிரச்சினைக்குக் குறைந்தது ஆயிரத்து முந்நூறு வருஷ வரலாறு இருக்கிறது. அதுவும் எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் போகிற தூரத்தில்!

நான் இருப்பது திருச்சியில். திருவானைக்கா கோயிலுக்குள் போகும்போதெல்லாம் கதையைக் கேட்டிருக்கிறேன், சொல்லியும் இருக்கிறேன், யோசித்ததில்லை. பெரியபுராணத்தில் கோச்செங்கட்சோழ நாயனார் வரலாற்றைச் சேக்கிழார் தொடங்குவதே ஒரு சிலந்தியில்தான். காவிரிக்கரைச் சோலையில் வெண்ணாவல் மரத்தடியில் ஒரு லிங்கம். ஒரு வெள்ளை யானை தும்பிக்கையில் தண்ணீர் கொண்டுவந்து அபிஷேகம் செய்து பூப்போட்டு வணங்குகிறது. அதே லிங்கத்துக்கு ஒரு சிலந்தியும் தொண்டு செய்கிறது. மேலே இருக்கும் மரத்திலிருந்து சருகு விழக்கூடாது என்று தன் வாய் நூலால் பந்தல் போடுகிறது. (சிலந்திக்கு நூல் வருவது வயிற்றின் பின்முனையிலிருந்து. அது கவிஞருக்கு அவசியமில்லை.) யானை வந்து பார்க்கிறது. சாமி மேல் ஒட்டடை! துடைத்துப் போடுகிறது. சிலந்தி மறுபடி கட்டுகிறது, யானை மறுபடி துடைக்கிறது. கடைசியில் சிலந்திக்குக் கோபம் வந்து தும்பிக்கைக்குள் புகுந்து கடிக்க, யானை வலி தாங்காமல் தும்பிக்கையைத் தரையில் அறைந்து செத்துப்போகிறது. சிலந்தியும் சாகிறது. அந்தச் சிலந்திதான் சோழர் குலத்தில் செங்கணானாகப் பிறந்தது என்று கதை போகிறது.

சின்ன வயசில் எனக்கு இது யானை–சிலந்தி சண்டைக் கதை. இப்போது படிக்கும்போது வேறு ஒன்று கண்ணில் பட்டது. யானை எந்த இடத்திலும் கெட்டவனாகச் சொல்லப்படவில்லை. அதுவும் பக்தியோடுதான் துடைத்தது. சிலந்தியிடம் அதற்குப் பகையே கிடையாது. சிலந்தி என்று ஒன்று அங்கே இருப்பதாகவே அது நினைத்திருக்காது. பார்த்தது ஒட்டடையை மட்டும்தான்.

சேக்கிழார் 12-ஆம் நூற்றாண்டு. அதற்கு சுமார் ஐந்நூறு வருஷம் முன்னாலேயே அப்பர் தேவாரத்தில் இந்தச் சிலந்தி வந்துவிட்டது. திருக்குறுக்கை வீரட்டத்துப் பதிகத்தில், ஆனைக்காவில் நிழலுக்காகப் பந்தல் செய்து இறந்த சிலந்தியைச் சோழர் குலத்தில் கோச்செங்கணானாகப் பிறப்பித்த செய்தி இருக்கிறது. அந்தப் பாட்டில் 'ஆனை' என்ற சொல் ஊர்ப் பெயரில் மட்டும்தான், சண்டை கிடையாது. சிலந்தி, பந்தல், மரணம், அரசன், அவ்வளவுதான். யானைச் சண்டையை அப்பர் அறிந்திருந்து விட்டுவிட்டாரா, பின்னால் விரிந்ததா என்பதில் நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். அவர் எதை எடுத்துக்கொண்டார் என்பது எனக்குப் பிடித்திருக்கிறது. பூச்சியின் வலையைப் 'பந்தல்' என்று சொல்லிவிட்டார். அப்படிச் சொல்லிவிட்டால் அப்புறம் துடைக்க எப்படிக் கை வரும்?

இங்கே ஒரு சின்னக் கிளைக்கதை. அப்பர் சைவத்துக்குத் திரும்புவதற்கு முன் சமண சமயத்தில் இருந்தவர். சமண முனிவர்கள் கையில் மயிற்பீலி இருக்கும். உட்காருவதற்கு முன், ஒரு பொருளை எடுப்பதற்கு முன், அந்த இடத்தில் எறும்போ பூச்சியோ இருந்தால் அடிபடாமல் விலக்க அதை வைத்து மெல்லத் தடவுவார்கள். இன்றைக்கும் திகம்பர முனிவர்களிடம் அதைப் பார்க்கலாம். மயில் தானாக உதிர்த்த இறகில் கட்டியது; பூச்சிக்கு வலிக்காத அளவு மெதுவானது. டம்ளர், பத்திரிகை அட்டை எல்லாம் வருவதற்குப் பல நூற்றாண்டு முன்னாலேயே உயிரை நோகாமல் அப்புறப்படுத்த என்றே ஒரு கருவி நம் ஊரில் இருந்திருக்கிறது. தேவாரத்தில் இந்தப் பீலியைக் கிண்டல் செய்யும் இடங்கள் உண்டு. அந்தப் பீலியை ஒரு காலத்தில் கையில் பிடித்தவர், சிலந்தியைப் பாடும்போது அதன் பந்தலைப் பார்த்தார் என்பது தற்செயலாக இருக்கலாம். எனக்கு அப்படி நினைக்க மனசு வரவில்லை.

கோச்செங்கணானுக்கு வருவோம். அவன் கட்டியதாகச் சொல்லப்படும் கோயில்கள் மாடக்கோயில்கள், அதாவது உயரமான கட்டுமலை மேல் படியேறிப் போகிற மாதிரி கட்டியவை. அம்பரையும் வைகலையும் செங்கணான் கட்டியதாகச் சம்பந்தர் பாடுகிறார். திருநறையூர்ப் பாசுரங்களில் திருமங்கையாழ்வார் எழுபது மாடம் என்று எண்ணிக்கையே சொல்கிறார். ஏன் உயரத்தில்? போன பிறவியில் யானையால் பட்ட பாடு நினைவிருந்ததால் யானை ஏற முடியாதபடி கட்டினான் என்பது மக்கள் சொல்லும் காரணம். காவிரி வெள்ளத்துக்குப் பயந்து உயர்த்தியிருக்கலாம் என்பவர்களும் உண்டு. டெல்டாவில் அது நியாயமான பேச்சுதான். ஆனால் ஊர் ஞாபகத்தில் நின்றது முதல் காரணம். வலை துடைக்கப்பட்ட ஒரு பூச்சியின் வருத்தத்துக்காக இத்தனை கோயில் எழும்பியது என்று நம்ப இந்த ஊர்க்காரர்கள் தயாராக இருந்திருக்கிறார்கள். காளத்தியிலும் அப்படித்தான். ஸ்ரீ, காளம், அத்தி என்று ஊர்ப் பெயரிலேயே சிலந்தி முதலில், அப்புறம்தான் பாம்பும் யானையும்.

இது சைவர்களோடு நிற்கவில்லை. எங்கள் தெருவில் தையல் கடை வைத்திருக்கும் பாய் கடையில் சிலந்தியை அடிக்க விடமாட்டார். கேட்டால் குகைக் கதையைச் சொல்வார். 622-ல் நபிகள் மக்காவிலிருந்து மதீனாவுக்குப் புறப்பட்டபோது தவ்ர் மலைக் குகையில் தங்கினார். துரத்தி வந்தவர்கள் குகை வாசலில் சிலந்தி வலை கலையாமல் இருப்பதைப் பார்த்து உள்ளே யாரும் இருக்க மாட்டார்கள் என்று திரும்பிப் போனார்கள் என்பது இஸ்லாமிய மரபில் வழங்கி வரும் கதை. குர்ஆனின் 29-ஆம் அத்தியாயத்துக்கே சிலந்தி என்றுதான் பெயர். அந்த அத்தியாயம் சிலந்தியின் வீட்டை வீடுகளிலேயே பலவீனமானதாகச் சொல்கிறது. குகை வாசலில் அதே பலவீனமான வீடுதான் ஒரு படையைத் திருப்பி அனுப்பியது. "நம்மள காப்பாத்துன பூச்சி சார்" என்பார் பாய், ஊசியில் நூல் கோத்துக்கொண்டே.

இவ்வளவு மரியாதை இருந்த பூச்சிக்கு 'அடி, நசுக்கு' என்ற நிலைமை எப்படி வந்தது? ஒரே நாளில் வரவில்லை. மரியாதையோடு கூடவே பயமும் எப்போதும் இருந்திருக்கிறது. தமிழ் அகராதியைத் திறந்தால் 'சிலந்தி' என்ற சொல்லுக்கு எட்டுக்கால் பூச்சி தவிர இன்னொரு பொருளும் இருக்கும்: புண், கட்டி. 'நரம்புச் சிலந்தி' என்றால் பூச்சியே இல்லை, காலில் கொப்புளமாகி நூல் மாதிரி வெளியே வரும் கினிப் புழு நோய். குடிநீர் வழியாக வந்த புழு அது. 2000-ல் இந்தியாவிலிருந்து அந்த நோய் ஒழிந்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. நோய் போய்விட்டது, சொல் நிற்கிறது. தோலில் காரணம் தெரியாமல் எது வெடித்தாலும் சிலந்தி தலையில் கட்டும் பழக்கமும் நிற்கிறது.

அக்கிக்கும் இதே கதை. 'எட்டுக்கால் பூச்சி மேல ஒண்ணுக்குப் போயிடுச்சு, அதான் அக்கி' என்று சொல்லக் கேட்காத வீடு குறைவு. என் சித்தப்பாவுக்கு முதுகில் வந்தபோது மண்பாண்டம் செய்யும் பெரியவர் ஒருவர் வீட்டுக்குப் போய்க் காவிக்கல்லைக் குழைத்து 'அக்கி எழுதி'க்கொண்டு வந்தார்கள். அக்கி என்பது சின்ன வயசில் அம்மை போட்ட வைரஸ் நரம்பில் தூங்கிக் கிடந்து பிற்காலத்தில் எழும்புவது. சிலந்திக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. இன்னொரு வகை உண்டு. மழை விட்ட ராத்திரியில் வயல் பக்கத்து வீடுகளில் டியூப் லைட்டுக்கு வருமே, கறுப்பும் ஆரஞ்சுமாக எறும்பு மாதிரி நீளமாக ஒரு சின்ன வண்டு, அதைக் கழுத்தில் தட்டி நசுக்கிவிட்டால் மறுநாள் கோடு கோடாக வெந்துபோய்க் கொப்புளிக்கும். பிடெரஸ் என்ற வண்டு. அதன் பழியும் சிலந்திக்கே போகிறது.

இதைக் கிராமத்து மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிட வேண்டாம். அமெரிக்காவில் டாக்டர்களே இதைச் செய்திருக்கிறார்கள். அங்கே பிரவுன் ரெக்லூஸ் என்று ஒரு சிலந்தி. அதன் கடி சிலருக்குத் தோலை அழுகவைக்கும், அது உண்மைதான். ஆனால் அந்தச் சிலந்தியே வாழாத மாநிலங்களில்கூட ஆறாத புண்ணோடு யார் வந்தாலும் 'ரெக்லூஸ் கடி' என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள். கலிபோர்னியாவின் ரிக் வெட்டர் என்ற ஆய்வாளர் வருஷக்கணக்கில் இதை எதிர்த்து எழுதினார். அவரும் இன்னொருவரும் சேர்ந்து 2002-ல் வெளியிட்ட கட்டுரை ஒன்றைப் படித்துவிட்டு நான் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். கன்சாஸ் மாநிலத்தில் ஒரு வீடு. அதில் நாலு பேர் கொண்ட குடும்பம் 1996-லிருந்து இருக்கிறது. 2001-ல் ஆறு மாதத்தில் அந்த ஒரு வீட்டில் பிடித்த ரெக்லூஸ் சிலந்திகள் 2,055. அதில் நானூறு போல, கடித்தால் விஷம் ஏறக்கூடிய அளவுக்கு வளர்ந்தவை. அத்தனை வருஷத்தில் அந்தக் குடும்பத்தில் ஒருவருக்கும் விஷக்கடி இல்லை.

நம் வீட்டில் இருப்பவை அந்த வகைகூட இல்லை. எங்கள் ஹாலுக்கு வந்த தட்டைப் பூச்சிக்கு லின்னேயஸ் 1767-ல் வைத்த பெயரில் 'வெனடோரியா' இருக்கிறது. வேட்டைக்காரி என்று வைத்துக்கொள்ளலாம். வலை பின்னாது. ஒட்டடைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ராத்திரியில் ஓடிப்போய்க் கரப்பானைப் பிடிக்கும். அம்மா சொன்னது சரி. கப்பல் சரக்கோடு, முக்கியமாக வாழைத்தாரோடு, வெப்ப நாடுகள் எல்லாம் சுற்றிவிட்ட பூச்சி இது. கையால் அமுக்கினால் கடிக்கும், வலிக்கும், ஆபத்து இல்லை. பெண் பூச்சி முட்டைப் பையை வாரக்கணக்கில் உடம்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டே திரியும். அந்த நாட்களில் பெரும்பாலும் சாப்பிடாது. நான் டம்ளரில் பிடித்தது அந்த நிலையில் இருந்த ஒன்றை.

ஒட்டடை கட்டுவது வேறு ஆள். கூரை மூலையில், நூல் மாதிரி கால்களோடு தலைகீழாகத் தொங்குமே, தொட்டால் உடம்பையே காணாமல்போகிற வேகத்தில் குலுக்குமே, அதுதான். இந்தியாவிலிருந்து போன மாதிரிகளை வைத்து ஜான் பிளாக்வால் என்ற ஆங்கிலேயர் 1867-ல் அதற்குப் பெயர் வைத்து விவரித்தார். இப்போதைய பெயர் கிராஸோப்ரைஸா லையோனி. தாய்லாந்தில் 1990-களில் இதைப் பற்றி ஒரு ஆய்வு நடந்தது. ஏன் தெரியுமா? டெங்கு கொசுவைத் தின்கிறது என்பதால். இந்தப் பூச்சியின் சிக்கல் என்னவென்றால் பழைய வலையை அவிழ்க்காது. ஒன்றை விட்டுவிட்டு ஒன்று கட்டிக்கொண்டே போகும். காலி வலைகளில் தூசி சேர்ந்து கறுத்துத் தொங்குவதைத்தான் நாம் ஒட்டடை என்கிறோம். வலை வேறு, ஒட்டடை வேறு. ஒன்று வீடு, மற்றது காலி செய்துவிட்டுப் போன வீடு. ஆனைக்கா யானைக்கு இந்த வித்தியாசம் தெரியவில்லை; எனக்கும் போன மாதம் வரைக்கும் தெரியாதுதான்.

மருந்து அடிக்கும் காலம் எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1953-ல் தேசிய மலேரியா கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியது. வீடு வீடாக உள்சுவரில் டிடிடி அடித்தார்கள். அடித்துவிட்டுச் சுவரில் தேதி எழுதிவிட்டுப் போவார்கள் என்று அம்மா சொல்வார். அவருடைய பிறந்த வீட்டுத் திண்ணைச் சுவரில் அந்த எழுத்து ரொம்ப நாள் இருந்ததாம். அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. 1947-ல் நாட்டில் வருஷத்துக்கு 7.5 கோடிப் பேருக்கு மலேரியா வந்ததாகக் கணக்கு. 1961-ல் அது 50,000 அளவுக்கு இறங்கியது. அந்த மருந்து கொசுவுக்காக வந்தது. சுவரில் ஒட்டி வாழும் மற்றவை கூடவே செத்தன, அதைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை, அப்போது யோசிக்கவும் முடியாது. எனக்கு உறுத்துவது அதற்குப் பிறகு நடந்தது. கொசுவுக்காக வந்த பழக்கம், கொசு குறைந்த பிறகும் 'வீடு என்றால் பூச்சியே இருக்கக் கூடாது' என்ற எண்ணமாகத் தங்கிவிட்டது. இன்றைக்கு அடுக்குமாடிக்கு அடுக்குமாடி வருஷ ஒப்பந்தம் போட்டு அடிக்கிறோம். இதில் வேடிக்கை, வலையில் தொங்கும் சிலந்திக்குத் தரை மருந்து அவ்வளவாக ஏறாது. அதன் காலின் நுனிதான் எங்கேயும் படும். வயிறு தரையில் உரசாது. சாவது அதற்கு இரையாகிற பூச்சிகள்.

அப்படியானால் மகள் சொன்ன வழி, பிடித்து வெளியே விடுவது? இதுதான் நான் தேடிப்போன கேள்வி. அமெரிக்காவில் சியாட்டில் நகரத்து பர்க் அருங்காட்சியகத்தில் சிலந்திகளைக் கவனித்துவந்த ராட் க்ராஃபோர்ட் இதற்கு ஒரு தொந்தரவான பதில் சொல்கிறார். அவர் ஊர் வீடுகளில் தென்படும் சிலந்திகளில் பெரும்பாலானவை தோட்டத்திலிருந்து வழிதவறி வந்தவை கிடையாது. தலைமுறை தலைமுறையாக வீட்டுக்குள்ளேயே பிறந்து வளர்ந்த இனங்கள். அவற்றை 'திரும்ப' வெளியே விட முடியாது, ஏனென்றால் அவை வெளியே இருந்ததே இல்லை. அங்கே குளிர்; நம் ஊரில் அந்த அளவுக்கு மோசமில்லை. வேட்டைக்காரப் பூச்சி இங்கே வெளியிலும் பிழைக்கும், மரப்பட்டை இடுக்கோ விறகுக் குவியலோ கிடைத்தால். சிமெண்ட் போட்ட கார் நிறுத்துமிடத்தில், ஒரு கால் குறைந்து, முட்டையோடு விட்டால் பிழைக்காது. மகளுக்கு இதை இப்படியே சொன்னேன். "அப்ப கொன்னதுதான்" என்றாள். சண்டை போடவில்லை, கணக்குப் போட்டுச் சொல்கிற மாதிரி சொன்னாள்.

வாசகர்கள் யாராவது என் டம்ளர் முறையைப் பின்பற்றுவதாக இருந்தால் தயவுசெய்து வேண்டாம். வாய் அகலமான, உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் டப்பா எடுங்கள், பூச்சியின் கால் விரிவைவிட ஒரு சுற்று பெரிதாக. மேலே கவிழ்த்தபின் அது கால்களை உள்ளே இழுத்துக்கொள்ளும் வரை பொறுத்து, அப்புறம் அட்டையை நகர்த்துங்கள். விடுகிற இடம் நிழலாக, ஒளிய இடுக்கு இருப்பதாகப் பாருங்கள். மரத்தடி, தொட்டிச் செடிக்குப் பின்னால், இல்லையென்றால் வீட்டுக்குள்ளேயே ஸ்டோர் ரூம், மோட்டார் ரூம். மூலையில் தொங்கும் மெல்லிய கால்காரரை வெளியே கொண்டுபோய் விடுவதில் அர்த்தமே இல்லை. கட்டில் பக்கத்திலிருந்து எடுத்து மாடிப்படி மூலைக்கு மாற்றினால் போதும்.

கடைசியாக ஒரு சிலந்தி. இலங்கையில் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் நடுவில் ஏ9 சாலையில் மாங்குளம். போர் முடிந்த 2009-லேயே, அக்டோபரில், ரனில் நாணயக்கார என்ற ஆய்வாளரின் குழு அந்தப் பக்கம் போயிருந்தபோது ஊர்க்காரர் ஒருவர் செத்த ஆண் சிலந்தி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். கால் விரித்தால் எட்டு அங்குலம் வரும் டரன்டுலா இனம். இதுவரை பதிவில் இல்லாதது என்று தெரிந்ததும் உயிரோடு இருப்பதைத் தேடினார்கள். போர் நடந்து முடிந்த மண்ணில் அவர்களுக்கு வழிகாட்டியவர் மைக்கேல் ராஜகுமார் புராஜா என்ற காவல் ஆய்வாளர். 2012-ல் இனத்தை விவரித்தபோது அவர் பெயரையே வைத்தார்கள்: பொசிலோதீரியா ராஜேயி. உயிரோடு எங்கே கிடைத்தது என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். வயதான மரப் பொந்துகளில் சில. அப்புறம் மாங்குளம் ஆஸ்பத்திரியின் பழைய டாக்டர் குவாட்டர்ஸில். மரம் குறையக் குறையப் பழைய கட்டடங்களுக்குள் வந்துவிட்டன என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. சனங்கள் வீட்டை விட்டுக் காட்டுக்குள் ஓடிக் கிடந்த வருஷங்கள் அவை. காட்டுச் சிலந்தி வீட்டுக்குள் வந்து இருந்திருக்கிறது. அதை 'வெளியே விடு' என்றால் எந்த மரத்தில் விடுவது?

எங்கள் வீட்டில் இப்போது ஒரு பழைய ஐஸ்கிரீம் டப்பாவும் அதன் அளவுக்கு வெட்டிய அட்டையும் ஷூ ஸ்டாண்டு மேலேயே இருக்கிறது. டப்பா மேல் மகள் ஸ்கெட்ச் பேனாவால் எட்டுக்காலும் வரைந்து வைத்திருக்கிறாள். இதுவரை ஒரு தடவைதான் பயன்பட்டது, படுக்கையறையில் வந்த ஒரு சின்னப் பூச்சிக்கு. மோட்டார் ரூமுக்கு மாற்றினோம். மனைவி விளக்குமாற்றை இன்னும் கைவிடவில்லை. ஹாலில் காலண்டர் அட்டைக்குப் பின்னால் மறுபடியும் ஒன்று வந்து தங்கியிருக்கிறது. தேதி கிழிக்கும் வேலை அம்மாவிடம் போய்விட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை ஒட்டடை அடித்தோம். நான் கம்பைத் தூக்கி மூலைக்குக் கொண்டுபோனபோது அம்மா "இரு, முதல்ல தட்டிப் பாரு" என்றார். கம்பு நுனியால் லேசாகத் தொட்டுவிட்டு நிறுத்த வேண்டுமாம். வலை ஆடினால் உள்ளே ஆள் இருக்கிறது. ஆடாவிட்டால் அடித்துவிடலாம். இதை அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டேன். "யார் சொல்லணும், எங்க ஆத்தா அப்படித்தான் அடிக்கும்" என்றார். மகள் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். சமையலறை மூலையில் ரெண்டு ஆடின, ஒன்பது ஆடவில்லை.